உன் ஆள் இதற்கு என்ன சொல்கிறார்?

ஹோல்ட்வில், அயோவா
8 ஜூலை 1979

அன்புள்ள தங்கச்சி ஆர்டிஸுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நான், உன் அண்ணி வெர்னா, உன் மருமகன் கர்ட், நாற்பது பன்றிகள், எல்லாரும். சோளம் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. நீ வாஷிங்டனில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று வெர்னா கேட்கச் சொன்னாள்.

நீ அனுப்பிய புத்தகம் வந்தது. "செனட்டர் ஹாலிஸ் வெதர்பி: பதினான்கு பிரச்சினைகள், பதினான்கு பதில்கள்." முழுக்கப் படித்தேன். நடுவில் இரண்டு தடவைதான் தூங்கினேன். அவர் பெயர் போட்டிருந்தாலும் எழுதியது நீ என்று மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. வரியைக் குறைக்கலாம், ஆனால் பற்றாக்குறை ஏறாத அளவுக்கு. ராணுவத்துக்குச் செலவழிக்கலாம், ஆனால் ரஷ்யாக்காரனோடு ஏவுகணை ஒப்பந்தமும் வேண்டும். கருக்கலைப்பு பிடிக்காது, ஆனால் அதற்காக அரசியல் சட்டத்தைத் திருத்தப் போவதில்லை. சின்ன வயதில் கடைசித் துண்டு ஆப்பிள் பை யாருக்கு என்று கேட்டாலும் நீ இப்படித்தான் பதில் சொல்வாய்.

தானியக் கிடங்கில் ஹார்ம் வீப்கெயிடம் புத்தகத்தைக் காட்டினேன். "ஏம்ப்பா ஆர்வில், உன் தங்கச்சி ஆளு மழை வரும்ங்கறாரா, வராதுங்கறாரா?" என்றான். "குடையை எடுத்துக்கிட்டுப் போங்கறாருடா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் இரண்டு பேர் புத்தகம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஜனவரியில் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் தேர்வுக் கூட்டம் வழக்கம்போல் நம் வீட்டு ஹாலில்தான். இருபத்தைந்து பேர் வருவார்கள். பேசுகிறவர்கள் பேசியதும் ஆளுக்கு ஒரு சீட்டில் பெயர் எழுதித் தொப்பியில் போடுவோம். உன் ஆளுக்கு நான் பேசுகிறேன்.

ஒரு கேள்வி. அப்பன் நிலம் மகனுக்குப் போகும்போது வாரிசு வரி போடுகிறார்களே, உன் ஆள் இதற்கு என்ன சொல்கிறார்? புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. போனிலேயே கேட்கலாம். ஆனால் ஐந்து வீட்டுக்கும் ஒரே லைன், யார் பேசினாலும் எல்லாருக்கும் கேட்கும். நான் இங்கே தும்மினால் மூன்று வீட்டிலிருந்து "உடம்பைப் பார்த்துக்கோ" என்பார்கள்.

ஆகஸ்டில் கால்நடைச் சந்தைக்கு வாயேன்.

உன் அண்ணன்
ஆர்வில்

வாஷிங்டன்
19 ஜூலை 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இரண்டும் அலுவலக மேஜையிலேயே. உங்கள் உடம்பு எப்படி என்று கேட்டால் பன்றிகளையும் சேர்த்துச் சொல்வீர்கள். அதனால் கேட்கவில்லை!

நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். வாரிசு வரியை அடியோடு ஒழிப்போம் என்று மற்ற வேட்பாளர்கள் கத்துகிறார்கள். எங்கள் செனட்டர் அப்படிச் சொல்ல மாட்டார். தானே உழுது பிழைக்கும் குடும்பத்துக்கு விலக்கு வரம்பு உயர வேண்டும், அதற்கு மேல் இருப்பதை மகன் பல வருடங்களில் சிறுகச் சிறுகக் கட்டலாம் என்பது அவர் நிலை. வரி கட்டுவதற்காக ஒரு வயலைக்கூட விற்கும்படி ஆகக் கூடாது என்பார். ஒன்பதாம் பக்கத்தை இப்போது பெரிதாக்கி எழுதிவிட்டேன், உங்களால்.

உங்கள் கடிதத்தைச் செனட்டரிடமே படித்துக் காட்டினேன். குடை விஷயத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த மாதிரி கேக்கறவங்கதான் நமக்கு வேணும். உங்க அண்ணனை இன்னும் கேக்கச் சொல்லும்மா" என்றார். அதனால் கேளுங்கள் அண்ணா. உங்களைப் போல் பத்து பேர் கேட்டால் இந்தத் தேர்தலை ஜெயித்துவிடுவோம்.

சந்தைக்கு வர முடியாது போலிருக்கிறது. அண்ணிக்கு என் அன்பு.

ஆர்டிஸ்

ஹோல்ட்வில்
26 ஆகஸ்ட் 1979

அன்புள்ள ஆர்டிஸ்,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

சந்தை முடிந்தது. கர்ட்டின் பன்றிக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசுப் பன்றியை நானும் பார்த்தேன், அதுவும் சுமார்தான். எனக்குக் கொஞ்சம் சதை குறைந்திருக்கிறது, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன். "இருபது வருஷமா நான் சொல்லி இறங்காத தொப்பை தானா இறங்கிடுச்சே" என்று வெர்னா சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த மாதத்தில் மூன்று தடவை அயோவா சிட்டிக்குப் போய் வர வேண்டியிருந்தது. அறுவடை இயந்திரத்துக்கு ஒரு பாகம் கிடைக்காமல் அலைகிறேன்.

கேட்கச் சொன்னாயே, கேட்கிறேன். இங்கே பக்கத்தில் ஒருவருக்குப் பெரிய நோய். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. காப்பீடு பாதியிலேயே நின்றுவிட்டது. இந்த மாதிரி ஆட்களுக்கு உன் ஆள் என்ன சொல்கிறார்? அரசாங்கமே எல்லாருக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன், அது உனக்கே தெரியும். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அறுவடைக்கு வருகிறாயா? இரண்டு நாள் போதும்.

ஆர்வில்

வாஷிங்டன்
14 செப்டம்பர் 1979

அன்புள்ள அண்ணா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நான்கு மாநிலம் சுற்றிவிட்டு வந்தேன். எல்லாரும் சுகம்தானே?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தோம் என்று சொல்ல வேண்டும். மருத்துவத்தை மொத்தமாக அரசு எடுத்துக்கொள்வதைச் செனட்டர் ஏற்கவில்லை. ஆனால் வருமானத்தில் ஒரு பங்குக்கு மேல் நோய் தின்றுவிட்டால் அதற்கு மேல் உள்ளதை அரசு தாங்க வேண்டும். இதற்குப் பெருநோய்க் காப்பீடு என்று பெயர் வைத்திருக்கிறோம். சின்னச் செலவு குடும்பத்தின் பொறுப்பு, பெரிய இடி எல்லாருடைய பொறுப்பு. இந்த வாக்கியம் என்னுடையது, செனட்டருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்தப் பக்கத்துக்காரரைப் பற்றி இன்னும் எழுதுங்களேன்! என்ன நோய், எத்தனை வயது, குடும்பத்தில் யார் யார்? பெயர் சொல்லாமல் பேச்சில் சேர்த்தால் நன்றாக இருக்கும். புள்ளிவிவரம் சொன்னால் ஜனங்கள் கொட்டாவி விடுகிறார்கள். ஒரு மனிதனைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அறுவடைக்கு வர வழியில்லை. அந்த இயந்திர பாகம் கிடைத்துவிட்டதா?

ஆர்டிஸ்

ஹோல்ட்வில்
21 அக்டோபர் 1979

அன்புள்ள ஆர்டிஸ்,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சமாளிக்கிறோம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இந்த வருடம் அறுவடை முழுக்கக் கர்ட்தான் பார்த்தான். நான் டிரக்கில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு வேலைதான். பாகம் கிடைக்கவில்லை. அதை இப்போது செய்வதே இல்லையாம்.

அந்த ஆளைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஐம்பத்துநான்கு வயது. கணையத்தில் கட்டி. வசந்தம் வரை தாங்கினால் அதிசயம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் மனைவிக்கும் மகனுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. விதைத்ததை அறுத்தாகிவிட்டது, அடுத்த விதைப்பைத்தான் பார்க்க முடியாது என்று சொல்கிறார். அழுகிற ஆள் இல்லை. ஆனால் மாட்டுக்கொட்டகைக்குப் போனால் திரும்பி வரக் கொஞ்சம் நேரமாகிறது. வேண்டுமானால் பேச்சில் சேர்த்துக்கொள், பெயர் மட்டும் வேண்டாம்.

அவர் மனைவிக்கு ஐம்பத்திரண்டு. விதவைக்கு அறுபது வயதில்தான் ஓய்வூதியம் தொடங்கும் என்கிறார்கள். நடுவில் எட்டு வருடம் அவள் என்ன செய்வாள்? உன் ஆள் இதற்கு என்ன சொல்கிறார்?

நன்றி நவிலும் நாளுக்கு வா. வெர்னா வான்கோழிக்குச் சொல்லிவிட்டாள்.

ஆர்வில்

வாஷிங்டன்
12 நவம்பர் 1979

அன்புள்ள அண்ணா,

சுகமா? உங்கள் கையெழுத்து ஏன் இப்படிக் கோழி கிளறியது மாதிரி ஆகிவிட்டது? டிரக்கில் உட்கார்ந்தே எழுதுகிறீர்களா?

சிகாகோவில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். செனட்டர் பேச்சில் உங்கள் பக்கத்துக்காரரைச் சேர்த்தேன். "விதைத்ததை அறுத்தாகிவிட்டது, அடுத்த விதைப்பைத்தான் பார்க்க முடியாது என்று அயோவா விவசாயி ஒருவர் சொன்னார்." மண்டபத்தில் எண்ணூறு பேர். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் பின்வரிசையில் நின்று அழுதேன் அண்ணா, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்த மனிதருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

விதவைக் கேள்விக்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. ஓய்வூதிய நிதி வற்றிக்கொண்டிருக்கிறது. வயது வரம்பை இறக்குகிறேன் என்று வாக்குக் கொடுப்பது பொறுப்பில்லாத பேச்சு என்று செனட்டர் நினைக்கிறார். வேலைப் பயிற்சிக்கு உதவி, கொஞ்சம் வரிச் சலுகை, அவ்வளவுதான். பிடிக்காத பதில்தான், ஆனால் நேர்மையான பதில்.

வான்கோழிக்கு வர முடியாது, நியூ ஹாம்ப்ஷயரில் இருப்பேன். கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பாக வருகிறேன். இது சத்தியம்.

ஆர்டிஸ்

ஹோல்ட்வில்
9 டிசம்பர் 1979

அன்புள்ள ஆர்டிஸ்,

சுகம் கேட்டு வெர்னா எழுதச் சொன்னாள். கையுறை போட்டுக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணல்.

உன் ஆள் பேசியதை ரேடியோவில் கேட்டோம். நன்றாகத்தான் பேசினார். வெர்னா பாதியில் எழுந்து போய்விட்டாள். அந்த விவசாயிக்கு உன் வணக்கத்தைச் சொன்னேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

விதவை விஷயத்தில் நீ மழுப்பாமல் எழுதியது நல்லது. வெர்னா ஹோல்ட்வில் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் சேர்ந்திருக்கிறாள். வீட்டிலேயே உட்கார்ந்து அலுத்துவிட்டதாம்.

உன் அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம். இந்தத் தடவை கேள்வி எதுவும் இல்லை. வா.

ஆர்வில்

வாஷிங்டன்
7 ஜனவரி 1980

அன்புள்ள அண்ணா,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் பெட்டியைக் கட்டிவைத்திருந்தேன். ரஷ்யா ஆப்கானிஸ்தானில் ராணுவத்தை இறக்குகிறது என்று செய்தி வந்தது. எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள். அண்ணியிடம் போனில் சொன்னபோது "சரி" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். கோபமா?

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வேட்பாளர்கள் விவாதத்துக்காக டெமாய்ன் வந்திருந்தேன். உங்களிடமிருந்து தொண்ணூறு மைல். விவாதம் முடிந்ததும் விமானம் ஏற்றிவிட்டார்கள். கேட்டிருந்தால் ஒரு நாள் கொடுத்திருப்பார்களோ என்னவோ. நான் கேட்கவில்லை.

ரஷ்யாவுக்குத் தானியம் விற்கக் கூடாது என்ற தடையைச் செனட்டர் ஆதரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். மேடையில் மற்றவர்கள் எல்லாரும் எதிர்த்தார்கள். பணத்துக்காகக் கொள்கையை விற்றால் நாம் மிதவாதிகள் இல்லை, வியாபாரிகள் என்று அவருக்கு எழுதிக்கொடுத்ததே நான்தான். அயோவா எங்களைக் கைவிடும் என்று தெரியும். ஆனால் நீங்கள் மட்டும் கைவிட மாட்டீர்கள். கூட்டத்தில் படிக்க ஒரு பக்கம் இதோடு வைத்திருக்கிறேன். ஒரு சீட்டு போதும் அண்ணா, உங்கள் சீட்டு. இங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இருபத்தொன்றாம் தேதி கூட்டம் முடிந்ததும் கண்டிப்பாக வருகிறேன்.

ஆர்டிஸ்

ஹோல்ட்வில்
13 ஜனவரி 1980

அன்புள்ள ஆர்டிஸ்,

குளிர் அதிகம், உன்னைப் பார்த்துக்கொள்.

டெமாய்ன் வந்திருந்தாய் என்று தெரியும். விவாதம் முடிந்து ஜனங்கள் கலையும்போது ரேடியோவில் பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்தாள். நீதான் என்றேன். "உங்களுக்கு எல்லாம் அவ குரலாத்தான் கேக்கும்" என்றாள் வெர்னா.

தானியத் தடை தப்பு. நம் தொட்டி நிறையச் சோளம் இருக்கிறது, விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. ஹார்ம் வந்து வாசலில் நின்றே கத்தினான்: "உன் தங்கச்சிக்குச் சோறு போட்டது இந்தச் சோளந்தானே, ஆர்வில்? அவ ஆளு அதிலேயே மண்ணள்ளிப் போடறாரே!" எனக்கும் கோபம்தான். ஆனால் அயோவாவுக்கு வந்து அயோவாவுக்குப் பிடிக்காததைச் சொல்லிவிட்டுப் போக ஒருவருக்குத் தைரியம் இருந்ததே. அதை எழுதிக்கொடுத்தவளை வளர்த்தவன் நான். படிக்கிறேன். எழுந்து நின்று படிக்கிறேன். சீட்டும் போடுகிறேன்.

படித்து முடித்ததும் உனக்குப் போன் செய்கிறேன், லைனில் யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். உன்னைப் பார்த்து ஒன்றரை வருடமாகிறது.

ஆர்வில்

கான்கார்டு, நியூ ஹாம்ப்ஷயர்
23 ஜனவரி 1980

அண்ணா,

ஹோல்ட்வில் கிழக்கு வட்டத்தின் முடிவு இன்று கைக்கு வந்தது. மொத்தம் இருபத்திரண்டு சீட்டு. வெதர்பி: பூஜ்யம்.

கூட்டமும் நம் வீட்டில் நடக்கவில்லை, ஹார்ம் வீப்கெ வீட்டில் நடந்திருக்கிறது. அப்படியானால் முன்பே முடிவு செய்துவிட்டீர்கள். மாநிலம் முழுக்கத் தோற்றதற்கு நான் அழவில்லை. இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் அழுதேன். சுவரில் மாட்டிய பட்டியலில் என் தோழர்கள் அதைக் காட்டி "உங்க அண்ணன் ஊரு இதானே?" என்றார்கள். யாரும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால்கூடத் தேவலை.

பிடிக்கவில்லை என்றால் ஒரு வரி எழுதியிருக்கலாமே. ஏற்றுக்கொண்டிருப்பேன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு காகிதத்தில் வேறொன்றை எழுதுகிறவர் என்று உங்களை நான் நினைத்ததே இல்லை. ஹார்ம் நாலு வார்த்தை கத்தினால் பயந்துவிடுவீர்களா? நான் உங்களிடம் கேட்டதே ஒரு துண்டுச் சீட்டுதான்.

இனிமேல் கேள்வி கேட்டு எனக்கு எழுத வேண்டாம். ஊருக்கும் இப்போதைக்கு வரவில்லை.

ஆர்டிஸ்

ஹோல்ட்வில்
28 ஜனவரி 1980

அன்புள்ள ஆர்டிஸுக்கு வெர்னா எழுதுகிறேன்.

சுகம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. உன் அண்ணன் நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை போய்விட்டார். சர்ச்சுக்குக் கிளம்பும் நேரம். நானும் கர்ட்டும் பக்கத்தில் இருந்தோம்.

உன் வாஷிங்டன் அலுவலகத்துக்கு இரண்டு தடவை போன் செய்தேன். நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று சரியாகத் தெரியாதாம். அயோவாவிலிருந்து பேசுகிறேன் என்றதும் அந்தப் பெண், "எந்தப் பிரச்சினையில செனட்டரோட நிலை வேணும்மா?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன். உன் கடைசிக் கடிதத்தில் ஹோட்டல் விலாசம் இருந்தது. அதற்கு விரைவுத் தபாலில் இதை அனுப்புகிறேன்.

கணையத்தில் கட்டி. ஜூன் மாதமே தெரியும். அந்தப் பக்கத்துக்காரர் இவர்தான். உன்னிடம் சொல்லச் சொல்லி எத்தனையோ தடவை சண்டை போட்டேன். "பதினாலு வருஷம் மூத்தவன் நான், அவளைப் படிக்க வச்சதே இந்த மாதிரி வேலைக்குத்தான். சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா" என்பார். பிறகு அவரே, "ஏன் இதெல்லாம் கேக்கறீங்கன்னு ஒரு தடவை கேக்கட்டும், உடனே சொல்லிடறேன்" என்பார். உன் கடிதம் வந்தால் முதலில் அதைத்தான் தேடுவார். நீ கேட்கவே இல்லை.

இருபத்தொன்றாம் தேதி நாங்கள் மூன்று பேரும் அயோவா சிட்டி ஆஸ்பத்திரியில் இருந்தோம். முதல்நாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். அதனால்தான் கூட்டம் ஹார்ம் வீட்டுக்குப் போனது. சாயங்காலம் கையில் ஊசியோடு கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "விடு வெர்னா, படிச்சுட்டு வந்துடறேன், ஒரு பக்கந்தான்" என்றார். இரண்டு நர்சுகள் பிடித்துப் படுக்க வைத்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எங்கள் இருவருக்கும் படித்துக் காட்டினார். கர்ட் கைதட்டினான்.

சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம், கண் சரியாகத் தெரியவில்லை. "தங்கச்சி எழுதியிருக்காளா? படி" என்றார். பிரித்தேன். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாழ்நாளில் கதை கட்டியவள் இல்லை, ஆர்டிஸ். அன்று கட்டினேன். "அன்புள்ள அண்ணாவுக்கு" என்று தொடங்கினேன். நீ சுகம் கேட்டதாகப் படித்தேன். சீட்டு விழாதது ஒரு பொருட்டே இல்லை என்று படித்தேன். எல்லாம் தெரிந்துவிட்டது, வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன், வந்துகொண்டே இருக்கிறேன் என்று நீ எழுதியதாகப் படித்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். கர்ட்டைக் கூப்பிட்டு, "டிராக்டரை எடுத்து வழியில கிடக்கற பனியைத் தள்ளுடா, ஆர்டிஸ் வரா" என்றார். கர்ட் தள்ளினான். மறுபடி பனி பெய்தது, மறுபடி தள்ளச் சொன்னார், மறுபடி தள்ளினான். ராத்திரி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பிப் படுத்திருந்தார்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. நிறைய இருக்கிறது. ஆனால் அவர் சந்தோஷமாகத்தான் போனார், நீ வருகிறாய் என்று நம்பிக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அடக்கம். நான் சொன்ன பொய்யைக் கேட்டுக்கொண்டுதான் அவர் கண்ணை மூடினார். மண்ணுக்குள் வைப்பதற்குள் அதை உண்மையாக்கிவிடு. வா.

வெர்னா